பழைய குற்றாலத்தில் என் வீட்டுக்காரர்

பேய், ஜின், காத்து கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் தெருவில் பீடி சுற்ற ஐந்தாறு பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து உட்காருவோம். கை இலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. கிணற்றடியில் கொலுசு சத்தம் கேட்டது, வாய்க்கால் கரையில் வெள்ளையாக ஒன்று நின்றது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். "எவனாவது வேட்டியக் காயப் போட்டிருப்பாம்ட்டி" என்று நான்தான் அந்தக் கதைகளை உடைத்துப் போடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் பேர் பல்கீஸ். ஊர் அச்சன்புதூர். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது புரியாது. மேற்கே பார்த்தால் மலை, சுவர் மாதிரி நீளமாக நிற்கும். அந்தச் சுவரில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், புளியரையை ஒட்டி ஒரு இடைவெளி. ஆனி, ஆடியில் கேரளத்தில் மழை கொட்டும்போது, அங்கே கொட்டியது போக மிச்சம் அந்த இடைவெளி வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் வந்து விழும். அதைத்தான் நாங்கள் சாரல் என்கிறோம். மலை மேல் பெய்வது அருவியாகி, வாய்க்காலாகி, குளத்துக்கு வந்து, வயலுக்குப் போகும். திருவேங்கடம் பக்கம் போய்ப் பாருங்கள், இதே மாவட்டம்தான், ஆனால் அங்கே கரிசல் காடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். சாரல் அவ்வளவு தூரம் போகாது, வெறும் காற்றுதான் போகும்.

அந்த இடைவெளி வழியாகவேதான் லாரிகளும் போகும். வைக்கோல், காய்கறி, ஜல்லி எல்லாம் கேரளத்துக்கு ஏறும். எங்கள் ஆம்பளைகளும் அதே வழியில்தான் போவார்கள், திருவனந்தபுரத்தில் விமானம் ஏற. மலை தண்ணீரை இந்தப் பக்கம் அனுப்பிவிட்டு ஆட்களை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடும் அப்படி வந்த காசில் கட்டியதுதான். டைல்ஸ் போட்டிருக்கும், மாடி இருக்கும், உள்ளே போனால் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் காஜாவும் கல்யாணமாகி என் கை மருதாணி முழுசாக அழிவதற்குள் போனவர். சவூதியில், தம்மாமில் வெல்டிங் வேலை. பெரிய பெரிய எண்ணெய் டாங்கிகளை உள்ளே இறங்கி நின்று ஒட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வருவது எப்போதும் தை, மாசியில். அப்போது குற்றாலத்தில் என்ன இருக்கும்? காய்ந்த பாறை இருக்கும், குரங்கு இருக்கும். இந்த மனுஷருக்கு அருவி என்றால் உயிர். சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பிப் பழைய குற்றாலத்துக்குப் போய் நனைந்து வந்து வாப்பாவிடம் அடி வாங்கியவர். தம்மாம் போன பிறகு ஒரு சீசனுக்குக்கூட அவர் ஊரில் இருந்ததில்லை.

ஆனி பிறந்தால் போதும், ஃபோனில் முதல் கேள்வி அதுதான்.

"என்னட்டி, சாரல் விழுதா?"

"விழுது மச்சான்."

"ஃபோன வெளிய நீட்டு."

நான் ஜன்னல் வழியாக ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஈரக் காற்றின் சத்தமும் தகரத்தில் தூறல் விழுகிற சத்தமும் அவருக்குப் போகும். திரும்பக் காதில் வைத்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

அந்த வருஷம் அங்கே சூடு ரொம்பக் கூடுதல் என்றார். ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார். குரல் என்னவோ போல இருந்தது.

"இந்தச் சூடு மண்டைக்குள்ள ஏறி உக்காந்துட்டு பல்கீசு. ஒரே ஒரு தடவ பழைய குத்தாலத்துல தலையக் குடுத்தா இறங்கிரும்னு தோணுது."

"அடுத்த வருசமாவது இந்நேரம் பாத்து வாங்க."

"அடுத்த வருசத்த விடு. எனக்குப் பதிலா நாளைக்கு நீ போயிட்டு வா. ரஹ்மத்தக் கூட்டிட்டுப் போ. நல்லா நின்னு குளி. வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு."

ரஹ்மத் அவருடைய தங்கை; அண்ணனைக் காக்கா என்பாள், என்னை மைனி என்பாள். தென்காசியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மறுநாள் எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன். தென்காசியில் ரஹ்மத் சேர்ந்துகொள்ள, அங்கிருந்து ஆட்டோ. அன்றைக்கு நல்ல சீசன். மலை முழுக்க மேகம் இறங்கி மேல் பாதி தெரியவே இல்லை. வழியெல்லாம் கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், கிராம்பு, நேந்திரங்காய் சிப்ஸ், எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிடுகிற ஆட்கள். அந்தப் பக்கத்து ஜனம் வருஷம் முழுக்கச் சாப்பிடுவதை இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் சம்பாதிக்க வேண்டும். தண்ணீர் ஒரு வாரம் பிந்தினாலும் அவர்கள் முகம் செத்துப்போகும். அன்றைக்கு எல்லார் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

பழைய குற்றாலத்தில் பெண்களுக்குத் தனியாக ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் கம்பி. நாங்கள் துணி மூட்டையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, சுடிதாரோடு வரிசையில் நின்று உள்ளே போனோம். தலையில் தண்ணீர் விழுந்ததும் ஒரு நிமிஷம் மூச்சு நின்றுபோகும், தெரியுமல்லவா, அப்புறம் உடம்பே இல்லாத மாதிரி இருக்கும். அந்த இரைச்சலில் நான் வாய்விட்டே சொன்னேன். "இது ஒங்களுக்கு மச்சான், இது ஒங்களுக்கு" என்றேன். கிறுக்குத்தனம்தான். யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கே கேட்கவில்லை.

வெளியே வந்து முகத்தை வழித்துக்கொண்டு செருப்பை மாட்டுகிறேன், "ஏ பல்கீசு" என்று ஒரு கூப்பாடு.

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், முன்னால் ஒரு ஏ போட்டு, கடைசியை இழுத்து. நான் நிமிர்ந்து பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் குளித்து வருகிற வழியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். இடுப்பில் கட்டம் போட்ட சாரம். வலது முழங்கையில் வெல்டிங் பொறி பட்ட கறுப்புப் புள்ளிகள். ஒரு கையைத் தலை மேல் வைத்துக்கொண்டு அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடரியில் முடி நரைத்திருந்தது. அது எனக்குப் புதுசு. வீடியோ காலில் முகம்தானே தெரியும், பின்பக்கத்தை யார் காட்டுகிறார்கள்? ஒன்றரை வருஷமாக நான் பார்க்காத பிடரி அது.

எனக்கு ஒரு பயமும் வரவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆச்சரியம். சந்தோஷம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார், அதற்குத்தான் நேற்று அப்படிப் பேசியிருக்கிறார் என்று நினைத்தேன். ஓடினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு, கம்பி முடிகிற இடத்தைச் சுற்றி ஓடினேன். ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று போனது. கிட்டத்தில், இதோ உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரத்தில் போய் நின்றேன்.

"மச்சான், எப்ப வந்திய?"

அவர் பாதி திரும்பினார். மெலிந்து, கறுத்து, உதடு வெடித்திருந்தது. சுற்றி எல்லாரும் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள், அவர் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சாரல் எங்கள் எல்லார் மேலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"இப்பதான். இரி, ஒரு தடவ தலையக் குடுத்துட்டு வாரேன்" என்றார். என் காலைக் குனிந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார். அப்புறம் அருவிக்குள் போனார்.

நான் நின்றேன். தண்ணீர்த் திரைக்குள் தலைகள் தெரிகின்றன, வருகின்றன, போகின்றன. விசில் ஊதிக்கொண்டு ஒரு பெண் போலீஸ் வந்தார்.

"ஏம்மா, இது ஆம்பளையாளு பக்கம். அங்கன போங்க."

"எங்க வீட்டுக்காரரு உள்ள நிக்காரு. இப்ப வந்துருவாரு."

நல்ல மனுஷி அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு விரட்டாமல் கூடவே நின்றார். கொஞ்ச நேரத்தில் அங்கே நின்ற ஆண் போலீஸ்காரரிடம் சொல்லி உள்ளே பார்க்கச் சொன்னார். ஆட்களை ஒதுக்கிப் பார்த்தார்கள். தவறி விழுந்துவிட்டாரோ என்று கீழே தடாகம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்படி ஒருவரே இல்லை. வெளியே வர அந்த ஒரு வழிதான், அந்த வழியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குள் ரஹ்மத் மூட்டையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகக் கேட்டாள்.

"மைனி, காக்கா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

நான் அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி அவிழ்த்தேன்.

ஃபோனை எடுத்து அவருக்குப் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது போட்டேன், பஸ்ஸில் போட்டேன். வீட்டுக்கு வந்து ஈரத் துணியைக்கூட உலர்த்தாமல் போட்டேன். பொழுது சாயும் நேரத்தில் அவரோடு அறையில் இருக்கிற சாஜி எடுத்தான். கொல்லம் பையன், அவருக்குத் தம்பி மாதிரி.

"சேச்சி, பயப்படண்டா. காஜாக்கா டாங்கிக்குள்ள வேலை செய்யும்போ மயங்கி விழுந்து. சூடு. ஆஸ்பத்திரியில் இருக்கு. இன்னும் கண்ணு திறந்திட்டில்லா."

"எப்ப விழுந்தாரு?"

அவன் அவர்கள் ஊர் நேரத்தைச் சொன்னான். நான் இரண்டரை மணி நேரம் கூட்டிப் பார்த்தேன். நான் அருவிக்குள் நின்று அந்தக் கிறுக்குப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அன்றைக்கும் மறுநாளும் எப்படிப் போனது என்று என்னால் சொல்ல முடியாது. மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல் விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் காதில் விழ வேண்டாம் என்று ஜன்னலை அடைத்துவிட்டேன். 'வாரேன்' என்று சொன்னாரே, வருவாரா, எப்படி வருவார், பெட்டியில் வருவாரா? எங்கள் தெருவுக்கு அப்படியும் வந்திருக்கிறார்கள். இதே மலையின் இதே இடைவெளி வழியாக, ஆம்புலன்ஸில்.

அதற்கு அடுத்த நாள் ஃபோன் வந்தது. அவரே பேசினார். குரல் நூல் மாதிரி இருந்தது.

"பல்கீசு."

நான் அழுதேன். அவர் அழ விட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"என்னா தண்ணி தெரியுமா! மண்டையில இருந்த சூடெல்லாம் அப்படியே இறங்கிட்டு. என் மேல தண்ணி ஊத்துனதா சாஜி சொல்லுதான். பாட்டில் தண்ணிக்கும் அருவித் தண்ணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"மச்சான், ஒடம்பு எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க."

"அத விடு. நீ என்ன, ஒத்தச் செருப்போட ஓடி வந்துட்டியே. இன்னொன்னு கெடச்சிதா?"

செருப்பு போனதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரஹ்மத்துக்கு மட்டும் தெரியும். அவளை என் மகள் மேல் சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்டேன், காக்காவிடமும் சாஜியிடமும் பேசவே இல்லை என்றாள். எங்கள் பள்ளிவாசல் அசரத்திடம் போய்ச் சொன்னேன். பெரிய மனுஷர், பொறுமையாகக் கேட்டார். "கண்ணு ரொம்ப நாளாத் தேடினதை மனசு காட்டியிருக்கும்மா" என்றார். சரி, என் மனசு காட்டியது என்றே வைத்துக்கொள்வோம். ரஹ்மத் காதில் விழுந்தது யார் மனசு? அங்கே கட்டிலில் கிடந்தவருக்கு என் காலைக் காட்டியது யார்?

அந்த மயக்கத்துக்குப் பிறகு சூட்டில் வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கை முடித்துக்கொண்டு, குளிர் தொடங்கும்போது ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். திருவனந்தபுரத்திலிருந்து வந்த கார் வாசலில் நின்றது. இறங்கி டிக்கியைத் திறக்கக் குனிந்தார். பிடரி நரைத்திருந்தது. நான் பார்த்த இடத்தில், பார்த்த அளவுக்கு.

இப்போது ஊருக்கு மேற்கே ஒரு எலுமிச்சைத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். பறித்து மூட்டை போட்டு விடியற்காலையில் புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து கேரளத்துக்கும் வடக்கேயும் லாரி ஏறும். தம்மாம் சம்பாத்தியத்தில் பாதிகூட இல்லை, ஆனால் சாயங்காலம் மனுஷர் வீட்டில் இருக்கிறார், சட்டையில் எலுமிச்சை வாசம் இருக்கிறது, எனக்கு அது போதும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒன்றே ஒன்று. சீசன் வந்தால் பழைய குற்றாலத்துக்குப் போவோம். அவர் உள்ளே போய் வெகுநேரம் நிற்பார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் வெளியே வருகிற வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டேன். வருவார். முகத்தில் அந்தச் சந்தோஷம் இருக்காது.

"என்ன மச்சான்?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு விழுந்த மாதிரி விழமாட்டேங்குது" என்பார். கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார், வேறு யாருடைய பொருளையோ தொடுவது மாதிரி.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு ஷேக் தம்மாம் போனான். கல்யாணமாகிப் புதுசாகப் போகிற பையன். இவரே சொல்லி அனுப்பி, அதே கம்பெனி, அதே கேம்ப்பில் சேர்த்துவிட்டார். போய்க் கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் எனக்கு ஃபோன் செய்தான். இவருக்குச் செய்யவில்லை, எனக்கு. குரலை அடக்கிப் பேசினான்.

"மாமி, காஜா மாமா எங்க இருக்காவ?"

"இங்கனதான் இருக்காவ. சோறு தின்னுட்டு இருக்காவ. ஏன்டே?"

எழுந்து நடக்கிற சத்தமும் கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டது.

"ஒண்ணுமில்ல மாமி. இங்கன ரூம்ல மாமா படுத்திருந்த கடைசிக் கட்டிலு காலியாக் கெடக்கு. சாயங்காலம் வேல முடிஞ்சு வந்தா சில நாளு அதுல மாமா உக்காந்திருக்காவ. பேண்ட் சட்ட போட்டு, தல சீவி, அட்டைப்பெட்டிய நைலான் கயித்துல கட்டி காலுக்குக் கீழ வச்சிக்கிட்டு. நா பயந்துட்டு மொதல்ல பேசல. நேத்து கேட்டுட்டேன், மாமா என்ன இங்கன உக்காந்திருக்கியன்னு."

"என்ன சொன்னாவ?"

"ஏர்போர்ட் வண்டி வந்துட்டாடேன்னு கேக்காவ மாமி. வந்தா என்னைய எழுப்பிரு, நா ஊருக்குப் போவணும்னு சொல்லுதாவ."

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் தட்டில் கை கழுவிவிட்டு, "யாருட்டி ஃபோன்ல?" என்று கேட்டார். ரஹ்மத் என்று சொன்னேன். இன்று வரைக்கும் அவரிடம் நான் சொல்லவில்லை. ஷேக் அந்த அறையை விட்டு மாறிவிட்டான். அந்தக் கட்டிலில் வேறு யாரும் இதுவரை படுக்கவில்லையாம்.

என்னோடு இருப்பது என் வீட்டுக்காரர்தான். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அங்கே பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு அந்த வண்டியை யார் அனுப்புவது?